வெளிமாநில வியாபாரியோடு முதல் லோடு: குமரி மாவட்டத்தாருக்கு ஓர் எளிய விளக்கம்

கிராம்பு, ரப்பர் ஷீட், முந்திரிப் பருப்பு, தும்பு, தேன், நேந்திரங்காய் சிப்ஸ், தோவாளைப் பூ என்று நம் மாவட்டத்துச் சரக்கு எதை எடுத்தாலும், நல்ல விலை வேண்டுமென்றால் எல்லை தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. களியக்காவிளைக்கு அப்பால் கேரளம். அதற்கும் மேலே மும்பை, அகமதாபாத், டெல்லி, கொல்கத்தா. ஒரே நாடு, ஒரே ரூபாய், ஒரே ஜிஎஸ்டி. ஆனாலும் முதல் தடவை வடக்கே சரக்கு அனுப்பியவர்கள் பலர் சொல்லும் புகார் ஒன்றுதான்: "பேசினது ஒண்ணு, நடந்தது ஒண்ணு." அந்த ஊருக்கே போய் விசாரித்தால், அந்த வியாபாரியும் நம் ஆளைப் பற்றி அதே புகாரைச் சொல்வார்.

பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை. பேசியதை இருவரும் ஒன்றாகவே கேட்டிருப்பார்கள். சிக்கல் பேசாமல் விட்டதில் இருக்கிறது. கோட்டாறு கடைத்தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த வழக்கங்கள் சில உண்டு. அவருடைய சந்தையிலும் அப்படிச் சில உண்டு. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நாமும் நினைக்கிறோம், அவரும் நினைக்கிறார். பண்பாட்டு வேறுபாடு என்றதும் உடையும் சாப்பாடும்தான் நினைவுக்கு வரும். வியாபாரத்தில் அது முதலில் தலைகாட்டும் இடங்கள் வேறு: பணம் வரும் தேதி, எடை போடும் இடம், முடிவெடுக்கும் ஆள், "முடியாது" என்பதைச் சொல்லும் விதம்.

உள்ளே போகுமுன் ஓர் எச்சரிக்கை. "குஜராத்திக்காரர் இப்படி, வங்காளி அப்படி" என்று மாநிலத்தை வைத்து ஆளை எடை போடுவது பெரும் தவறு. ஒருவருடைய பழக்கத்தில் முதலில் தெரிவது அவருடைய தொழில். மசாலா வியாபாரி எந்த ஊரில் இருந்தாலும் மசாலா வியாபாரிதான். அடுத்து, அது குடும்பக் கடையா, சம்பளக்காரர்கள் நடத்தும் கம்பெனியா என்பது. மாநிலமும் மதமும் அதற்குப் பிறகுதான். கீழே சொல்வதையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யாரோடு பேசுகிறோம்

நம் பக்கத்தில் சிறு வியாபாரம் என்றால் போனை எடுப்பவரே முதலாளி. அவர் "சரி" என்றால் சரி. மும்பையிலும் அகமதாபாத்திலும் உள்ள பழைய குடும்பக் கடைகளில் வேலை பிரிந்திருக்கும். போனில் விலை பேசுவது மகனோ தம்பி மகனோ. எத்தனை நாள் கடன் என்பதை வீட்டுப் பெரியவர் முடிவு செய்வார். பணத்தை வங்கியில் போடுவது கணக்குப் பார்க்கும் முனீம். மகன் "15 நாளில் பணம்" என்று நல்ல மனதோடே சொல்லியிருப்பார். அந்தக் கடையில் எல்லோருக்கும் 30 நாள் என்பது முனீமின் வழக்கமாக இருக்கும். மகனும் நம்மை ஏமாற்றவில்லை, முனீமும் ஏமாற்றவில்லை. மூன்று பேரோடும் ஒருமுறையாவது பேசியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. ஆகவே முதல் வாரத்திலேயே, "பில்லை யாருக்கு அனுப்ப வேண்டும், பணம் விஷயமாக யாரிடம் பேச வேண்டும்?" என்று கேட்டு, அந்த எண்ணை வாங்கி, அவருக்கு ஒரு வணக்கம் சொல்லி வைத்துவிடுங்கள். பெரியவர் லைனில் வந்தால் விலை பேச வேண்டாம். உடம்பு, ஊர், மழை என்று இரண்டு வார்த்தை போதும்.

கம்பெனி என்றால் கதை வேறு. பர்ச்சேஸ் மேனேஜர் எவ்வளவு நெருக்கமாகப் பேசினாலும், பர்ச்சேஸ் ஆர்டர் என்ற காகிதம் கையில் வரும்வரை ஒன்றும் ஆகவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆர்டர் எண் நம் பில்லில் இல்லாவிட்டால் அவர்கள் அக்கவுண்ட்ஸில் பில் பதிவே ஆகாது. பணம் கேட்டு 40 நாள் கழித்துப் போன் செய்யும்போதுதான் "உங்க பில்லே எங்களுக்கு வரலையே" என்பார்கள்.

இந்த இடத்தில் நம் இனிஷியல் ஒரு தொல்லை கொடுக்கும். வடக்கே பலருக்கும் குடும்பப் பெயர் உண்டு. நமக்குப் பெரும்பாலும் அப்பா பெயரின் முதல் எழுத்துதான். பான் அட்டையில் இனிஷியல் விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் முன்னால் இருக்கும், ஜிஎஸ்டி சான்றிதழில் பின்னால் இருக்கும். அங்கே இதைப் பார்ப்பவருக்கு மூன்று பேர் போலத் தெரியும். பான், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு, உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு நான்கிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிட்டு, ஒரு கேன்சல் செய்த செக்கோடு சேர்த்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. அவருடைய ஜிஎஸ்டி எண்ணையும் கேட்டு வாங்கி, ஜிஎஸ்டி தளத்தில் அடித்துப் பாருங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: நமக்கு 33, கேரளத்துக்கு 32, மகாராஷ்டிரத்துக்கு 27, குஜராத்துக்கு 24, மேற்கு வங்கத்துக்கு 19, டெல்லிக்கு 07. அகமதாபாத் கடை என்று சொல்லிவிட்டு எண் 24இல் தொடங்கவில்லையென்றால் காரணம் கேட்க வேண்டும்.

தரகர் வழியாகப் போகிறீர்களா? நல்லதுதான். மொழியும் ஆளும் தெரிந்தவர் நடுவில் இருப்பது பெரிய துணை. ஆனால் தரகு வாங்குவதாலேயே அவர் பணத்துக்குப் பொறுப்பு என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். பல சந்தைகளில் ஆளைச் சேர்த்து வைப்பதோடு தரகர் வேலை முடிந்தது. பணம் வராவிட்டால் அவர் கைவிரிப்பது அங்கே தவறாகாது. "பணத்துக்கு நீங்கள் பொறுப்பா, இல்லையா?" என்று வாய்விட்டுக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். பொறுப்பு என்றால் தரகு கூடும். அது நியாயம்தான்.

விலை முடிந்தது என்று நினைத்த பிறகு

நம் ஊரில் பேரம் முன்னால் நடக்கும். விலை ஒத்துக்கொண்டபின் திரும்பக் குறைக்கச் சொன்னால் முகம் கறுக்கும். மேற்கு இந்தியாவின் மொத்த வியாபாரத்தில் விலை என்பது பேச்சின் முதல் பாதி. கிலோவுக்கு இவ்வளவு என்று முடிந்தபின், எத்தனை நாள், லாரி வாடகை யாருடையது, சாக்குக்கு எவ்வளவு கழிவு, சீக்கிரம் பணம் தந்தால் எவ்வளவு தள்ளுபடி என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் சொன்ன தள்ளுபடிக்குக் குஜராத்தியில் "வட்டாவ்" என்று தனிப் பெயரே உண்டு. இதைப் பேசுவது அவருக்கு அன்றாட வேலை. நம்மை மட்டம்தட்டுவதாக நினைத்துக் கோபப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான். செய்ய வேண்டியது இரண்டு. முதல் பேச்சிலேயே அடிமட்ட விலையைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் ஒன்றைக் கேட்டால் அதற்குப் பதிலாக ஒன்றைக் கேளுங்கள்: "2 ரூபாய் குறைக்கிறேன், பணம் 10 நாளில் வர வேண்டும்." இப்படிப் பேசுபவர்மேல் அங்கே மரியாதை கூடும்.

எடையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கணக்குக்காக, 50 கிலோ சாக்கு 20 போட்டு, 1,000 கிலோ கிராம்பு, கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8,00,000 ரூபாய். 5 சதவீத ஜிஎஸ்டி 40,000. சணல் சாக்கின் எடை சுமார் 600 கிராம் என்று நாம் கழித்திருப்போம். சில சந்தைகளில் சாக்குக்கு 1 கிலோ என்று மொத்தமாகக் கழிப்பது வழக்கம். 20 சாக்குக்கு 8 கிலோ வித்தியாசம், 6,400 ரூபாய். அடுத்தது ஈரப்பதம். கிராம்பில் 12 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நாம் சரியாக 12இல் கட்டி அனுப்பி, வழியில் அது 11ஆகக் காய்ந்தாலே 11 கிலோ குறையும். அது 8,800 ரூபாய். யாரும் திருடவில்லை. ஆனால் அங்கே எடை போட்டவுடன் "உங்க சரக்கு 19 கிலோ குறைவு" என்று வரும். இங்கே நமக்கு ரத்தம் கொதிக்கும்.

இதற்கு மருந்து, எந்த எடை இறுதி எடை என்பதை முன்கூட்டியே பேசுவது. நாகர்கோவில் எடைமேடைச் சீட்டா, அங்கே இறக்குமிடத்து எடையா? அங்கே என்றால் எத்தனை கிலோவரை குறைவு பொறுக்கலாம்? தரத்துக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். ஒரே குவியலில் இருந்து 250 கிராம் வீதம் மூன்று பொட்டலம் எடுத்து, கட்டி, அரக்கு வைத்து, மேலே தேதி எழுதி, ஒன்று அவருக்கு, ஒன்று தரகருக்கு, ஒன்று நம்மிடம். காம்பும் தலை உதிர்ந்த கிராம்பும் எத்தனை சதவீதம் என்ற சண்டை வந்தால் மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம். முந்திரியில் இந்தத் தொல்லை குறைவு. 320ஆம் நம்பர் முழுப் பருப்பு என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு என்று நாடெங்கும் ஒரே கணக்கு.

போனில் விலை கேட்பதிலும் கவனம் தேவை. குஜராத் மண்டிகளில் விலையைக் கிலோவுக்குச் சொல்லாமல் 20 கிலோவுக்குச் சொல்லும் வழக்கம் உண்டு. வடக்கே சில இடங்களில் 40 கிலோ, பல இடங்களில் குவிண்டால். இந்தி எண்களில் "டேட் சௌ" 150, "டாயி சௌ" 250, "பௌனே தோ சௌ" 175, "ஸாடே தீன் சௌ" 350. அரைகுறை இந்தியோடு இதைக் காதால் மட்டும் கேட்டு முடிவு செய்யக்கூடாது. "எண்ணில் எழுதி அனுப்புங்க" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

30 நாள் எப்படி 52 நாள் ஆகிறது

"30 நாளில் பணம்" என்று இருவரும் ஒத்துக்கொண்டாயிற்று. ஏப்ரல் 10 பில் போட்டு லாரி ஏற்றினோம். நம் கணக்கில் மே 10 பணம் வர வேண்டும். பார்சல் லாரியில் மாறி ஏறி ஏப்ரல் 19 சரக்கு இறங்குகிறது. அவர் கணக்கில் 30 நாள் அங்கே தொடங்குகிறது என்றால் மே 19. தரம் பார்த்து ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து என்றால், அது ஏப்ரல் 21, ஆகவே மே 21. அந்தக் கடையில் மாதம் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும்தான் பணம் போடுவார்கள் என்றால் ஜூன் 1. பில் தேதியிலிருந்து 52 நாள். அவர் ஒருநாள்கூட வாக்குத் தவறவில்லை! நாமோ மே 11 முதல் தினமும் போன் செய்து, உறவைக் கெடுத்திருப்போம்.

ஆகவே "எத்தனை நாள்" என்பதோடு "எந்த நாளிலிருந்து" என்றும், "உங்கள் கடையில் பணம் போடும் நாள் எது" என்றும் கேட்டாக வேண்டும். இந்த இரண்டையும் கேட்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஜிஎஸ்டியிலும் பணம் மாட்டும். வடக்கே பலர் சரக்கின் பணத்தைத் தந்துவிட்டு, வரித் தொகையை மட்டும் நிறுத்தி வைப்பார்கள். நாம் ரிட்டன் போட்டு, அந்த பில் ஜிஎஸ்டி தளத்தில் அவர்களுக்கு வரும் 2பி அறிக்கையில் தெரிந்தால்தான், நமக்குத் தரும் வரியை அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியும் (உள்ளீட்டு வரி). இது நம்மேல் சந்தேகம் இல்லை. பலரிடம் அடிபட்டு வந்த பழக்கம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டன் போடும் முறையில் இருந்தால், ஏப்ரல் 10 பில் ஜூலை 14 வரை அவர் கண்ணில் படாது. நம் 40,000 ரூபாயும் அதுவரை நிற்கலாம். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப் என்ற வசதியில் அந்த பில்லை மட்டும் ஏற்றிவிட்டால், 14ஆம் தேதி அவருக்குத் தெரிந்துவிடும். கணக்குப் பார்ப்பவரிடம் இதை நினைவுபடுத்துங்கள். நாமாகச் சொல்லாவிட்டால் பலர் செய்வதில்லை.

லாரியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் இப்படித்தான். 50,000 ரூபாய்க்கு மேல் போகும் சரக்குக்கு அது கட்டாயம், 200 கி.மீ.க்கு ஒருநாள் செல்லும். மும்பைக்குச் சுமார் 1,700 கி.மீ. என்றால் 9 நாள். லாரி வழியில் நின்றுவிட்டால், காலாவதிக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டித்தாக வேண்டும். அதை யார் செய்வது என்று டிரான்ஸ்போர்ட்காரரிடம் ஏற்றும்போதே பேசிவிடுங்கள்.

"பார்த்துச் சொல்லுதேன்"

நம் ஊரில் ஒருவர் "பார்த்துச் சொல்லுதேன்" என்றால் அநேகமாக முடியாது என்றே பொருள். முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லை. இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் இதே குணம்தான், சொல்லும் விதம் மட்டும் மாறும். டெல்லிப் பக்கம் "ஹோ ஜாயேகா" என்பார்கள்: ஆகிவிடும். அதில் உற்சாகம் இருக்கும், தேதி இருக்காது. நாம் "வந்துரும்" என்று சொல்வதும் அவர்களுக்கு அப்படித்தான் கேட்கும் என்பதை மறந்துவிடக்கூடாது. மழையில் கிராம்பு காயவில்லை, இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று தெரிந்தும் "நாளைக்கு ஏத்திரலாம்" என்கிறோம். அங்கே அவர் அதை நம்பித் தன் வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார்.

"முடியுமா?" என்று கேட்டால் எங்கும் "முடியும்" என்றுதான் பதில் வரும். "எந்தத் தேதி, எந்த லாரி, எல்.ஆர். (லாரி ரசீது) நம்பர் எப்போது அனுப்புவீர்கள்?" என்று கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும். பதிலில் எண் இருந்தால் அது வாக்கு. எண் இல்லையென்றால் மறுநாள் திரும்பக் கேட்கலாம்.

குரலைப் பற்றியும் கொஞ்சம். மும்பைப் பேச்சு சுருக்கமாக முடியும், "ரேட்? குவாண்டிட்டி? கப் (எப்போது)?" என்று கேட்டு வைத்துவிடுவார். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் மேஜையில் இன்னும் நான்கு போன் அடித்துக்கொண்டிருக்கும். அகமதாபாத்தில் நேரில் போனால் டீயும் குடும்ப விசாரிப்பும் முடியாமல் விஷயத்துக்கே வரமாட்டார். நாம் அவசரப்படுத்தினால் "இவருக்குப் பணமுடை போலிருக்கு" என்று கணித்து, விலையில் பிடிப்பார். டீ வரட்டும், குடியுங்கள்.

அழைக்கும் முறையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நாம் அண்ணாச்சி என்பதை அங்கே பெயரோடு "பாய்" அல்லது "ஜி" செய்துவிடும். வங்காளத்தில் "தாதா", கேரளத்தில் "சேட்டன்". பெண்கள் என்றால் குஜராத்தில் பெயரோடு "பென்", வங்காளத்தில் "தீதி". நம் மாவட்டத்தில் சுயஉதவிக் குழு நடத்தும் பெண்களே விலை பேசி, பில் போட்டு, சரக்கு அனுப்புகிறார்கள். சில இடங்களில் "முதலாளியிடம் கொடுங்க" என்று கேட்பார்கள். முதல் அறிமுகச் செய்தியிலேயே "விலை, தரம், பணம் மூன்றுக்கும் பொறுப்பு இவர்தான்" என்று பெயரோடு எழுதி, பில்லிலும் அவரே கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டாவது போனில் அந்தக் கேள்வி வராது. வீட்டு ஆண்கள் நடுவில் புகுந்து பேசாமல் இருப்பதும் முக்கியம். ஒருமுறை புகுந்துவிட்டால், பிறகு எல்லாவற்றுக்கும் அவரைத்தான் தேடுவார்கள்.

இரண்டு காலண்டர்

நமக்குத் தீபாவளி ஒருநாள், கூடிப்போனால் இரண்டு. குஜராத்தில் தீபாவளியன்று பழைய கணக்கை முடித்துப் புதுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை போடுவார்கள். மறுநாள் அவர்களுக்குப் புத்தாண்டு. பல கடைகள் ஐந்தாம் நாளான லாப பஞ்சமிக்குத்தான் திறக்கும். மூட்டை தூக்கும் ஆட்களில் பீகார்க்காரர்கள் இருந்தால், தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேரும் சரக்கு, இறக்க ஆளில்லாமல் டிரான்ஸ்போர்ட் குடோனிலேயே கிடக்கும். தீபாவளிக்குப் 10 நாள் முன்பே லோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பண்டிகை முடிந்தபின் அனுப்பலாம். பழைய பாக்கி கேட்க நல்ல நேரம் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம். கணக்கை முடிக்கும் மனநிலையில் இருப்பார்கள். வங்காளக் கடைகளில் அந்த இடம் ஏப்ரல் நடுவில் வரும் வங்காளப் புத்தாண்டுக்கு. துர்கா பூஜை நாட்களில் கொல்கத்தாவில் வியாபாரம் பேசவே வேண்டாம்.

நாம் ஆடியில் புதுக் காரியம் தொடங்காதது போல, வடக்கே புரட்டாசி ஒட்டி வரும் பித்ரு பட்சத்தில் புது ஒப்பந்தம் போடத் தயங்குவார்கள். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று இழுத்தால் காலண்டரை ஒருமுறை பாருங்கள், காரணம் அதுவாக இருக்கலாம்.

நம் காலண்டர் அவர்களுக்குத் தெரியாது என்பதும் அதே அளவு முக்கியம். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் போனை எடுக்கமாட்டார்கள், புனித வெள்ளிக்கு லோடு ஏறாது, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வேலைக்கு ஆள் குறைவு, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாள் என்பதெல்லாம் அகமதாபாத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆண்டுத் தொடக்கத்திலேயே "இந்த நாட்களில் எங்களிடம் லோடு ஏறாது" என்று ஒரு சின்னப் பட்டியல் அனுப்பிவிடுங்கள். அவரிடமும் அப்படி ஒன்று கேளுங்கள்.

கேரளத்தோடு வியாபாரம் செய்பவர்கள் "அது நம்ம ஊர் மாதிரிதானே" என்று அசட்டையாக இருப்பதுண்டு. 1956 வரை நாமும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள்தான், மொழியும் தெரியும். ஆனால் அங்கே பதிவு பெற்ற சுமைத் தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் நாம் கொண்டுபோன ஆட்களை வைத்து இறக்கினால் தகராறு வரும். வேலை செய்யாமலே கூலி கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசு தடை செய்துவிட்டது. ஆனால் முறையான இறக்குகூலி உண்டு. அதை யார் தருவது என்று முன்பே பேச வேண்டும். ஹர்த்தால் அறிவித்தால் லாரியை எல்லைக்கு இப்புறமே நிறுத்துவது நல்லது. பூ வியாபாரத்தில் அத்தம் முதல் திருவோணம் வரை 10 நாள்தான் சீசன். கிரேந்தி, வாடாமல்லிக்கு அந்த நாட்களில் விலை மணிக்கு மணி மாறும். முன்பணம் வாங்காமல், விலை வரம்பு பேசாமல் லோடு ஒத்துக்கொள்ளக்கூடாது.

சாப்பாடும் பரிசும்

இது சின்ன விஷயம். ஆனால் தவறினால் மறக்கமாட்டார்கள். ஜைனக் கூட்டாளி வீட்டுக்கு வந்தால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடாது. சிலர் பொழுது சாய்ந்தபின் சாப்பிடவே மாட்டார்கள். மார்த்தாண்டம் தேனைப் பெருமையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஜைனர்கள் பலர் தேன் தொடுவதில்லை. முட்டை சேர்ந்த கிறிஸ்துமஸ் கேக்கும் வேண்டாம். முந்திரிப் பருப்பு எல்லோருக்கும் சரி. கருவாடு ஏற்றிய லாரியில் மசாலாவோ முந்திரியோ ஏற்றாதீர்கள். வாடை ஏறினால் சரக்கு திரும்பிவிடும். சைவக்காரர் என்றால் அடுத்த லோடே கேட்கமாட்டார். குடோனைப் படமெடுத்து அனுப்பும்போது பின்னால் என்ன தெரிகிறது என்றும் பாருங்கள்.

எழுதி அனுப்பும் செய்தி

பேச்சு முடிந்த அன்றே, சரக்கு ஏற்றுமுன், இப்படி ஒரு செய்தி போக வேண்டும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ, அவர் படிக்கும் மொழியில்:

"இன்று பேசியபடி: கிராம்பு 1,000 கிலோ, 50 கிலோ சாக்கு 20. கிலோ 800 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள். சாக்குக் கழிவு 600 கிராம். இறுதி எடை உங்கள் இடத்து எடை, 10 கிலோ வரை குறைவு பொறுக்கப்படும். லாரி வாடகை உங்களுடையது. பணம், சரக்கு இறங்கிய நாளிலிருந்து 30 நாள். தரத்தில் குறை இருந்தால் இறங்கிய 3 நாளுக்குள் படத்தோடு சொல்லவும். சரி என்றால் 'ஓகே' என்று பதில் அனுப்பவும்."

"இவ்வளவு எழுதினால் நம்பிக்கையில்லாதது போல் ஆகாதா?" என்ற தயக்கம் நம்மவர்களுக்கு நிறைய உண்டு. நல்ல வியாபாரி இதைக் கண்டு சந்தோஷப்படுவார். முனீமுக்கும் வேலை எளிது. 'ஓகே' அனுப்பத் தயங்குகிறார் என்றால், எந்த வரியில் தயக்கம் என்று கேளுங்கள். பேசாமல் விட்டது அந்த வரியில்தான் இருக்கும். முதல் லோடு சிறியதாகவே இருக்கட்டும். முழுதும் போனாலும் தாங்கக்கூடிய தொகைக்குமேல் கடன் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் வந்தபின் அடுத்த லோடு.

பணம் வராவிட்டால்

எடுத்தவுடன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் உறவு அதோடு முடிந்தது. முதலில் முனீம், பிறகு பெரியவர், பிறகு தரகர் அல்லது அந்தச் சந்தையின் வியாபாரிகள் சங்கம் என்ற வரிசை நல்லது. தன் சந்தையில் பெயர் கெடுவதைப் பழைய குடும்பக் கடைகள் நீதிமன்றத்தைவிடப் பெரிதாக நினைக்கும். பெரியவரிடம் பேசும்போது மகன்மேல் புகார் சொல்ல வேண்டாம். "கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கு போல, பார்த்துச் சொல்லுங்க" என்றால் அவருக்கும் இறங்கிவர வழி கிடைக்கும்.

சட்டம் துணைக்கு இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிப்ஸ், கயிறு, முந்திரி போன்றவற்றைத் தயாரிக்கும் குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் எத்தனை நாள் போட்டிருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குமேல் போகக்கூடாது; எழுத்தில் ஒன்றுமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு. வாங்கியவர் வருமான வரியிலும் அந்தச் செலவைப் பணம் தந்த பிறகுதான் காட்ட முடியும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. கோணத்திலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்கலாம். அந்த எண்ணை பில்லிலேயே அச்சிட்டுவிடுங்கள். ஆனால் வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு கிடையாது. மாறாமலையில் கிராம்பை வாங்கி மும்பைக்கு விற்பவர் இதை நம்பியிருக்கக்கூடாது.

அப்படிப்பட்டவர், சரக்கு வாங்குபவரிடமிருந்து ஒரு செக் வாங்கி வைப்பதுதான் வழி. செக் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். திரும்பி வந்தால், வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இந்தக் கெடுக்களில் ஒன்று தவறினாலும் வழக்கு பலவீனமாகிவிடும். 2015 திருத்தத்துக்குப் பிறகு, நம் கணக்கில் போட்ட செக் என்றால் நம் வங்கிக் கிளை இருக்கும் எல்லையிலேயே வழக்குப் போடலாம். அகமதாபாத்துக்கு அலைய வேண்டாம், நாகர்கோவிலிலேயே முடியும்.